அரை மாத்திரை வெளிச்சம்

தம்பெரேயில் நவம்பர்.
மூன்றரைக்கெல்லாம் பொழுது சாய்ந்து
ஆற்றங்கரைச் செங்கல் ஆலைகளில்
புகைபோக்கி மட்டும் மிச்சமிருக்கிறது.
நான்காம் மாடியில் ஓர்வொக்கி
ஒரு லட்சத்து எழுபதாயிரம் அணுக்களை
அதனதன் இடத்தில் உட்காரவைக்கிறாள்.

இண்டியம் கொஞ்சம் பருமன்.
காலியம் ஒடிசல்.
மூவர் இருக்கையில் நான்காவது ஆள் வந்து
இடுப்பை நுழைப்பதுபோல ஒரு நெருக்கடி,
அந்த நெருக்கடியில்தான் முளைக்கிறது புள்ளி.
உயரம் ஐந்து நானோமீட்டர்.
உள்ளே ஓர் எலெக்ட்ரான்,
அது எழுந்துபோன இடத்தின் துளை.
இரண்டும் கூடினால்
இரண்டும் இல்லை,
ஓர் ஒளித்துகள்.

சொல்வதற்கு மூன்று வரி.
கணினிக்குப் பதினோரு நாள்.

நமக்கு, எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
ஒலி அரை மாத்திரைக்கு அடங்கும்.
அங்கே புள்ளி வைத்தால்
ஒளி ஒற்றை நிறத்துக்கு அடங்குகிறது.
லகரமும் ளகரமும் நாவில் குழம்புகிறவருக்கு
இரண்டும் ஒரே சேதி.

விடை வந்தது:
ஆயிரத்து நூற்று நாற்பது நானோமீட்டர்.
கீழ்த்தளத்தில் தைஸ்தோ அளந்ததோ
தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு.
"உன் கணினிக்குக் கண்ணாடி வாங்கிக் கொடு" என்றான்.
"உன் படிகத்தில் என்னத்தைக் கலந்தாய்?" என்றாள்.
வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான்.
இரவு ட்ராமில், ஈரக் கையுறையைக் கழற்றும்போது
அந்தச் சொல் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.
கலந்தாய்.

அவள் வரைந்திருந்தது பாடப்புத்தகப் பிரமிடு:
ஊசி உச்சி, கத்தி விளிம்பு.
ஐந்நூறு டிகிரிச் சூட்டில் மேலே மூடி போடும்போது
எந்த உச்சி நிற்கும்?
காலியம் சொல்லாமல் உள்ளே நுழைந்திருக்கும்,
இண்டியம் வெளியே கசிந்திருக்கும்.
உச்சியைச் சீவினாள். சுவர்களைக் கரைத்தாள்.
சுத்தமாய் இருந்த ஒன்றைக் கையால் அழுக்காக்க
ஒரு வாரம் பிடித்தது,
பாதி நாள் மனம் வராமல் போனது.

தொள்ளாயிரத்து எழுபத்தொன்று.
மிச்சம் ஒன்பதைப் பற்றி
அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இத்தனைக்கும் இது யாரும் பார்த்த வெளிச்சமில்லை.
நம் கண் சிவப்போடு கடையடைத்துவிடும்.
இது அதற்கும் அப்பால்.

விடைத்தாளின் அடியில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன.
ஆற்றல் இவ்வளவு. பிரகாசம்: பூஜ்யம்.
அதே எலெக்ட்ரான், அதே துளை,
சுழற்சி மட்டும் பொருந்தவில்லை.
கூட விதியில்லாமல் ஒரே அறையில் கிடக்கும் ஜோடி.
மற்றவை ஒரு நானோநொடியில் எரிந்து முடிய
இவை ஆயிரம் மடங்கு விழித்திருக்கும்.
உயிரேறாத மெய்கள்.

"பூஜ்யத்துக்கு எதற்கு இரண்டு வரி?
படத்திலிருந்து எடுத்துவிடலாமே"
என்றார் குழுத் தலைவர் உர்ஹோ.
நியாயம்தான்.
அவள் எடுக்கவில்லை.
காரணம் கேட்டபோது அவளிடம் காரணமும் இல்லை.

பிப்ரவரியில், ஏரி உறைந்து
அதன்மேல் ஆட்கள் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு மாலை
தைஸ்தோ தொலைபேசியில் கூப்பிட்டான்.
கேலி இல்லை. "இறங்கி வா" என்றான்.

திரவ ஹீலியக் குளிர். பக்கவாட்டில் காந்தப்புலம்,
ஐந்து டெஸ்லா.
நிறமாலையின் பெரிய சிகரத்தின் காலடியில்
ஒரு சின்ன மேடு.
இரைச்சலாக இருக்கும் என்று
மூன்று முறை அளந்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறான்.
காந்தத்தை இறக்கினால் மேடு போய்விடுகிறது.
ஏற்றினால் வருகிறது.

அவள் சொன்ன இடத்தில் இல்லை அது.
கொஞ்சம் தள்ளி.

தெர்மாஸ் மூடியில் காபி ஊற்றி நீட்டினான்.
வாங்கினாள், குடிக்கவில்லை.
ஹீலியம் தீர்ந்துகொண்டிருந்தது,
மானியை இருவருமே பார்த்தார்கள்.
காந்தத்தை அணைக்க
இருவருமே எழுந்திருக்கவில்லை.